வலது கைக் குப்பி

அறுபதைத் தொடும் வயதில் சலூன்காரர் திடீரென்று நல்ல கணவராகிவிட்டார். அவர் மனைவிக்கு அதுதான் உறுத்தியது.

கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காத மனிதர். இப்போது எல்லோருடைய தட்டையும் பிடுங்கிக் கழுவுகிறார். காய்ந்த துணியை மடிக்கிறார். மடித்ததை உதறி மறுபடியும் மடிக்கிறார். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் வெங்காயம் உரிக்கிறார். வெங்காயம் தீர்ந்ததும் பூண்டுக்குப் போனார். பூண்டும் தீர்ந்த அன்று, செய்தி முடிவதற்குள் வீட்டிலிருந்த செருப்புகள் அத்தனையையும் துடைத்து வைத்திருந்தார்.

“என்னங்க,” என்றாள் மனைவி. “யாரு அவ?”

“எவ?”

“தெரிஞ்சா நான் ஏன் கேக்குறேன்? இத்தனை வருஷம் இல்லாத கரிசனம் இப்ப எங்கிருந்து வந்துச்சு?”

“நல்லது செஞ்சாலும் குத்தமா?”

“மத்தவங்க செஞ்சா நல்லது. நீங்க செஞ்சா குத்தம்தான்.”

சலூன்காரர் சிரித்து மழுப்பினார். எவளும் இல்லை. இருந்ததெல்லாம் வலது கை.

சும்மா வைத்தால் அது ஆடியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணியை உருட்டிக்கொண்டே இருந்தன. வேலை கொடுத்தால் நின்றுவிடும். கத்தியை எடுத்தால் பசுவைப் போலச் சாது. தாடையில் நுரை பூசி, கிருதாவைச் சீராக்கி, உதட்டுக்கு மேலே வழிக்கும்வரை மயிரிழை பிசகாது. கத்தியைக் கீழே வைத்ததும் ஆரம்பித்துவிடும். அதனால் அவர் எதையும் கீழே வைப்பதில்லை. கத்தி, சீப்பு, துண்டு, வெங்காயம், செருப்பு என்று கை மாற்றிக் கை மாற்றி நாளைக் கடத்தினார்.

வீட்டில் சொன்னால் அன்றோடு கடைக்குப் பூட்டுதான். மகள் ஏற்கெனவே “போதும்பா, ஓய்வெடுங்க” என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் தெரிந்தால் இன்னும் மோசம். ஆடுகிற கைக்குக் கீழே எவன் வந்து கழுத்தை நீட்டுவான்? கடை போனால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

மகளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பழ ஈ வளர்க்கிறாள். அங்கே யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீனில் ஆராய்ச்சி செய்கிறவன் மீன்காரன். புழுவில் செய்கிறவள் புழுக்காரி. இவள் ஈக்காரி.

“அப்பா கடையில ஈ ஓட்டுறாரு. பொண்ணு அங்க ஈ ஓட்டுறா,” என்பாள் மனைவி, பக்கத்து வீட்டுக்காரியிடம். “குடும்பத் தொழில்.”

மகளுடைய உதவியாளர் பிரசவ விடுப்பில் போனதும் சிக்கல் வந்தது.

“அப்பா, உங்க கடை லீவு அன்னைக்கு என்கூட லேபுக்கு வர்றீங்களா? ஒரு ஆள் வேணும்.”

“எனக்கு என்னம்மா தெரியும்?”

“ஒண்ணும் தெரியக் கூடாதுப்பா. ஒண்ணுமே தெரியாத ஆள்தான் வேணும்.”

“அதுக்கு உடனே என் ஞாபகம் வந்துச்சா?”

சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: “தேடுறதுக்கு ரொம்ப தூரம் போகல பாருங்க.”

போனார். போகாமல் வீட்டில் இருந்தால் உரிப்பதற்கு எதுவும் இல்லை.

ஈ அறையில் புளித்த மாவும் சர்க்கரைப் பாகும் கலந்த வாடை. சுவரெல்லாம் தட்டுகள். தட்டுகளில் விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள், வாயில் பஞ்சு அடைத்து. ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் பழுப்புக் கூழ். அதுதான் தீனி. மேலே எள் தூவினாற்போல் ஈக்கள். மகள் மயக்க வாயுவைத் திறந்து, மயங்கிய ஈக்களை ஒரு சின்னத் தூரிகையால் புரட்டிப் பெண்ணை இடப்பக்கமும் ஆணை வலப்பக்கமும் ஒதுக்கினாள். முகத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிடும் பிரஷ்ஷைத் தான் பிடிப்பது போலவே அவள் பிடித்திருந்ததைச் சலூன்காரர் கவனித்தார். 

“கவனிங்கப்பா. கைக்கு ஒரு குப்பி. ரெண்டையும் ஒரே நேரத்துல இந்த ரப்பர் மேல தட்டணும். எல்லாம் அடியில விழும். அப்புறம் கையை எடுக்காம மேசை மேல அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க. மணி அடிக்கிற வரைக்கும். கறுப்புக் கோட்டைத் தாண்டி எத்தனை ஏறுச்சுன்னு நான் வீடியோவுல எண்ணிக்குவேன்.”

“ஏன் ஏறணும்?”

“ஈயோட சுபாவம் அது. கீழே தள்ளினா மேலே ஓடும். இது நோய் ஈ. ஓடாது.”

அவர் குனிந்து பார்த்தார். உண்மைதான். நல்ல ஈக்களைத் தட்டியபோது சாரை சாரையாக மேலே போயின. நோய் ஈக்கள், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமாவைப் போல, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

“இதுங்களுக்கு என்ன நோய்?”

“நடுக்குவாதம். சில குடும்பத்துல அதை வரவைக்கிற மரபணு ஒண்ணு இருக்கு. அதை இதுங்களுக்குள்ள வச்சிருக்கோம். மனுஷன் கிழவனாக எழுபது வருஷம் காத்துக்கிட்டிருக்கணும். ஈ ரெண்டு மாசத்துல கிழவனாயிடும்.”

“பாவம். மனுஷனுக்கு வந்தா எப்படி இருக்கும்?”

மகள் குப்பிக்கு எண் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். “முதல்ல ஒரு பக்கம்தான் வரும்ப்பா. கை சும்மா இருக்கும்போது ஆடும். ஏதாவது எடுத்து வேலை செஞ்சா நின்னுடும். அதனால ரொம்ப நாளைக்கு வீட்டுல யாருக்கும் தெரியாது.”

 சலூன்காரர் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“அப்பா, அது சுத்தமான மேசை.”

“இன்னும் கொஞ்சம் சுத்தமா இருக்கட்டும்.”

மகள் ஒரு பொடியைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பாதிக் குப்பிகளில் தீனியோடு பொடி. பாதியில் வெறும் தீனி. எதில் எது என்பது மகளுக்கே தெரியாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் எண்ணும் என்றாள். தீனி கலந்து எண் ஒட்டியவன் மீன்காரன். அவன் சோம்பேறி. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பொடி, இரட்டைப்படையெல்லாம் வெறும் தீனி என்று ஒட்டிவிட்டுப் போய்விட்டான். மகள் ஒழுங்குக்காரி. ஒற்றை எண்ணை எப்போதும் அப்பாவின் வலது கையில் கொடுத்தாள். இரட்டையை இடது கையில். அவன் சோம்பலும் இவள் ஒழுங்கும் சம்பந்தம் செய்துகொண்டதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

சலூன்காரர் தட்டினார். பிடித்தார். மணி அடித்தது.

ஒவ்வொரு லீவு நாளும் இதே வேலை. அவருக்குப் பிடித்துப்போனது. ஈக்களோடு ஒரு பாசம் வந்துவிட்டது. வலது குப்பி ஈக்கள் எழுந்து, தயங்கி, கோட்டை நோக்கி நகர்ந்தபோது அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“ஏறுடா ராசா. ஏறு. அங்க பாரும்மா, அந்தக் குண்டன் போறான்!”

“அப்பா, நீங்க யார் பக்கமும் சேரக் கூடாது.”

“நான் எங்க சேர்ந்தேன்? அதுங்கதான் என் பக்கம் சேருது.”

வீடியோவில் வலது குப்பி மட்டும் லேசாக மங்கித் தெரிந்தது. மகள் கேமராவைத் திட்டினாள். புது ஸ்டாண்ட் வாங்கினாள். அப்போதும் மங்கலாகவே தெரிந்தது. அந்தப் பக்கத்து விளக்கைத் திட்டினாள்.

கடைசியில் மீன்காரன் எண்களின் ரகசியத்தைச் சொன்ன அன்று ஈ அறையில் ஒரே கூச்சல். பொடி தின்ற ஈக்கள் ஏறியிருக்கின்றன. வெறும் தீனி தின்றவை கீழேயே கிடக்கின்றன. புழுக்காரி ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். ஆராய்ச்சிக்கூடத்துத் தலைவரான பேராசிரியர் தன் அறையிலிருந்து வெளியே வந்து சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் இரண்டு பேர் பயந்துபோனார்கள்.

“உங்க கை ராசியான கை அங்கிள்,” என்றான் மீன்காரன்.

“வலது கை,” என்று திருத்தினார் சலூன்காரர். அன்று ராத்திரி அவர் அதைத் திட்டவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது தனியாக ஒரு முறை தட்டிக்கொடுத்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தங்கவில்லை.

இன்னொரு ஆள் செய்து பார்த்தால்தான் வெளியே சொல்லலாம் என்றார் பேராசிரியர். மீன்காரன் உட்கார்ந்து தட்டினான். எந்தக் குப்பியிலும் ஒன்றும் ஏறவில்லை. மகளே உட்கார்ந்து தட்டினாள். ஏறவில்லை.

“பொடி கெட்டுப்போச்சோ என்னமோ,” என்றாள் மகள் சாப்பாட்டு மேசையில். அவள் விரல் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. “புதுசா வாங்கி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வேற வழி தெரியல.”

“உங்க அப்பா பிடிச்சா மட்டும் எப்படி ஏறுச்சாம்?” என்றாள் மனைவி.

“அதான் சாரும் கேட்டாரு. ஈக்கு ஆள் முகம் தெரியுமான்னு.”

சலூன்காரர் மூன்று பேருடைய தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர்கள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெயித்தது எப்போதும் வலது குப்பி. சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் ஆடுகிற கையும் வலது கை. அது குப்பியைத் தாலாட்டியிருக்கிறது. தூங்க விடாமல் எழுப்பியிருக்கிறது. ஈக்கள் பொடிக்கு ஏறவில்லை. இவருக்குத்தான் ஏறியிருக்கின்றன.

ஆனாலும் நிச்சயம் வேண்டும். மறுநாள் கடையில் ஒரு காலிப் பாட்டிலில் கனிந்த வாழைப்பழத்தை வைத்து நாலைந்து ஈக்களைப் பிடித்தார். வலது கையில் வைத்துத் தட்டினார். ஏறின. இடது கைக்கு மாற்றித் தட்டினார். அப்போதும் ஏறின. நல்ல ஈ எந்தக் கையிலும் ஏறும். அவர் குனிந்து பாட்டிலோடு பேசிக்கொண்டிருந்ததை, முடி வெட்ட வந்த தபால்காரர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

“தொழில் அவ்வளவு மந்தமா?” என்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் கடை போச்சு. சொல்லாவிட்டால் மகளின் உழைப்பு மறுபடியும் தண்ணீரில். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்கு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஆட்டக்காரர்களை மாற்றிவிட்டால்? பொடிக் குப்பி இடது கைக்குப் போனால் அது ஜெயிக்காது. பொடியில் ஒன்றும் இல்லை என்று மகளுக்கு விளங்கிவிடும். வேறு பொடி தேடுவாள். கையைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. சாமர்த்தியமான யோசனை. சாமர்த்தியசாலிகளை மாட்டவைக்கிற யோசனையும் இதே மாதிரிதான் இருக்கும்.

அடுத்த லீவு நாளில் மகள் அவரை மறுபடி உட்காரவைத்தாள். எண் ஒட்டிய முறை பழையதுதான்; பொடி மட்டும் புதிது. அவள் கேமராவைத் திறக்கத் திரும்பிய நேரத்தில் சலூன்காரர் குப்பிகளைக் கை மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு ஜோடிக்கும் அப்படியே. கத்தியைத் தோலில் தீட்டும் வேகத்தில் நடந்த காரியம்; அவள் கண்ணில் படவில்லை. வீடியோவில் அவள் பார்த்ததெல்லாம் எண் சீட்டை மட்டும்.

முடிவு வந்தது. வெறும் தீனி தின்றவை ஏறியிருந்தன. பொடி தின்றவை படுத்திருந்தன.

பேராசிரியர் இந்த முறை சிரிக்கவில்லை.

மகள் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள். பையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்னடி ஆச்சு?” என்றாள் அம்மா.

“முதல்ல மருந்து குணமாக்குச்சு. அப்புறம் ஒண்ணும் செய்யல. இப்ப நோயை அதிகமாக்குதாம். யாரோ குப்பி எண்ணை மாத்தி ஒட்டியிருக்காங்கன்னு சார் சொல்றாரு. ஈ ரூம் சாவி என்கிட்டதான் இருக்கு.”

“அதனால?”

“அதனால நான்தான். நாளைக்கு விளக்கம் சொல்லணும். சொல்லலைன்னா வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டாரு. திருட்டுத்தனம் பண்ணினவளை வேற எந்த இடத்துல சேத்துக்குவாங்கம்மா?”

சலூன்காரர் சமையல் மேடையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் சீவினார். கிழங்கு கோலிக்குண்டாகச் சிறுத்தது. அதற்கு மேல் சீவ அதில் எதுவும் இல்லை.

கத்தியை வைத்தார். கையைத் துடைத்தார். வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சும்மா உட்கார்ந்தது அப்போதுதான்.

“இதைப் பாரு,” என்றார்.

கை ஆட ஆரம்பித்தது.

மகள் பார்த்தாள். இமை கொட்டவில்லை. படிப்பு முதலில் பார்த்தது. மகள் பிறகுதான் பார்த்தாள்.

“எந்தக் கைப்பா அது?”

“தெரியல? வலது.”

“ஒத்தை நம்பர் குப்பி…” அவள் எழுந்துவிட்டாள். “ஒத்தை நம்பரெல்லாம் வலது கையில. மீன்காரன் ஒத்தை நம்பர்லதான் பொடி போட்டிருக்கான். ஐயோ! அப்பா! அந்த மங்கல்! கேமரா இல்ல, நீங்க!” சந்தோஷத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கியவள் அப்படியே நின்றாள். முகம் மாறியது. “அப்பா,” என்றாள் மறுபடியும். இந்த முறை வேறு குரல்.

“கடைசி தடவை குப்பியைக் கை மாத்திப் பிடிச்சது நான்தான்மா. உனக்கு நல்லது பண்றதா நெனச்சேன்.”

“எத்தனை நாளா இது?” இது மனைவி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சதுல இருந்து.”

மனைவி கணக்குப் போட்டாள். போட்டு முடித்ததும் அவள் கண் நிறைந்தது. அதோடு கோபமும் பொங்கியது. எது முதலில் வெளியே வருவது என்று இரண்டும் தொண்டையில் முட்டிக்கொண்டன.

“படுபாவி மனுஷா. நான் உங்க சட்டையை மோந்து பாத்துக்கிட்டிருந்தேன். கடைக்கு எதிர்ல இருக்கிற தையல்காரியை முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அவ பாவம், என்னைப் பாத்தா ஒளிஞ்சுக்கிறா.”

“அந்தம்மாவா? அவங்களுக்கு என்னைவிட அஞ்சாறு வயசு கூட இருக்கும்டி.”

“உங்களுக்கு வேற யாரு கிடைப்பா?” என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆடுகிற கையை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தாள். அது அவள் கைக்குள்ளும் ஆடியது. அவள் விடவில்லை.

“டாக்டர்கிட்ட போகணும்ப்பா,” என்றாள் மகள். “நாளைக்கே. அப்புறம் கடை…”

“கடையைப் பத்திப் பேசாதே.”

“அப்பா…”

“முதல்ல உன் சார். அப்புறம் டாக்டர். அப்புறம்தான் கடை. வரிசைப்படி வரணும்.”

மறுநாள் காலை கடைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினார். ஈ அறையில் பேராசிரியர் கைகட்டி நின்றிருந்தார். மீன்காரனும் புழுக்காரியும் சுவரோரம் ஒட்டியிருந்தார்கள். மகள் எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியர் கேட்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

“மகளுக்காக எந்த அப்பாவும் கையை ஆட்டிக் காட்டுவார்,” என்றார்.

“நான் ஆட்டல சார். அதுவா ஆடும்.”

“பாக்கலாம்.”

பேராசிரியரே இரண்டு குப்பிகளைத் தேர்ந்தெடுத்தார். இரண்டிலும் நோய் ஈ. இரண்டிலும் பொடி கிடையாது. வலது குப்பி மட்டும் ஏறினால் காரணம் கை. வேறு எதுவும் இல்லை. அவரே மணியையும் அழுத்தினார்.

சலூன்காரர் தட்டினார். பிடித்தார். எல்லோரும் குனிந்தார்கள்.

கை கல்லைப்போல இருந்தது.

மணி அடித்தது. ஒரு ஈகூட அசையவில்லை. மறுபடி தட்டினார். கையையே முறைத்துப் பார்த்தார். ஆடு, என்று மனதுக்குள் அதட்டினார். இத்தனை மாதம் மறைக்கப் பார்த்தபோதெல்லாம் ஆடித் தொலைத்த கை, ஆடு என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளையாகக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தது.

“கூப்பிட்டா வராது சார். கூச்ச சுபாவம்,” என்றார். நெற்றி வியர்த்தது.

மீன்காரன் கூரையைப் பார்த்தான். மகளின் உதடு வெளுத்திருந்தது. “அதையே பாத்துக்கிட்டிருந்தா அடங்கிடும் சார்,” என்றாள். “அவர் அதை மறக்கணும். அப்பா, நூறுல இருந்து ஏழேழா கழிச்சுக்கிட்டே வாங்க.”

“எனக்குக் கழிக்க வந்திருந்தா நான் ஏன்மா சலூன் வைக்கிறேன்?”

“இன்னும் ஒரே ஒரு தடவை,” என்றார் பேராசிரியர். மணியை அழுத்தினார். சலூன்காரர் தட்டினார். பேராசிரியருக்குப் பொறுமை போயிருக்க வேண்டும்; திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

சலூன்காரர் அப்போதுதான் அந்தப் பிடரியைப் பார்த்தார்.

“சார்,” என்றார். “கோவிச்சுக்காதீங்க. இதை யார் வெட்டினது?”

“எதை?”

“பின்கழுத்தை. இடது பக்கம் ஏறிப்போயிருக்கு, வலது பக்கம் இறங்கிக் கிடக்கு. நடுவுல பாருங்க, எலி கடிச்ச மாதிரி. காதுக்குப் பின்னால மெஷினைப் போட்டு அழுத்தியிருக்கான். அங்கெல்லாம் மெஷின் போகவே கூடாது சார், கத்தரிதான் போகணும், அதுவும் நுனி மட்டும். வெட்டி முடிச்சுக் கண்ணாடியைப் பின்னாடி பிடிச்சுக் காட்டினானா?”

“இல்ல.”

“காட்ட மாட்டான் சார். எந்த மூஞ்சியோட காட்டுவான்? இதுக்குக் கூலி வேற வாங்கியிருப்பான். இவ்வளவு படிச்ச மனுஷன், நாலு பேர் முன்னால நின்னு பேசுறவர். உங்களுக்கு முன்னால உக்காந்திருக்கிறவன் பாடத்தைக் கேப்பான். நீங்க போர்டு பக்கம் திரும்பின உடனே இதைத்தானே பாப்பான்? எவன் சார் அந்தப் பாவி? கடை எங்க இருக்கு?”

“வீட்டுலதான்,” என்றார் பேராசிரியர். “என் மனைவி.”

சலூன்காரர் ஒரு கணம் யோசித்தார்.

“தள்ளி நின்னு பாத்தா நல்லாத்தான் சார் இருக்கு,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு விநோதமாகப் பட்டது. நல்ல இடத்தில்தான் சொல்லியிருந்தார். தலையைத் திருப்பினார். பேராசிரியர், மீன்காரன், புழுக்காரி என்று மூன்று பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது குப்பியை அல்ல.

மேசை மேல் அவர் கை ஆடிக்கொண்டிருந்தது. கூச்சமே இல்லாமல், நாலு பேர் முன்னால்.

அவருக்கு உடம்பு கூசியது. கையைப் பின்னுக்கு இழுத்தார்.

“எடுக்காதீங்கப்பா,” என்றாள் மகள் மெதுவாக. “மணி இன்னும் அடிக்கல.”

அவர் எடுக்கவில்லை. அப்படியே விட்டார். அது ஆடியது. வலது குப்பி ஈக்கள் ஒவ்வொன்றாக எழுந்து, கண்ணாடியைப் பிடித்து நடந்தன. இடது குப்பியில் மாமாக்கள் கோபம் தணியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தபோது கோட்டுக்கு மேலே எண்ணுவதற்கு வேண்டிய அளவு ஈ இருந்தது. பேராசிரியர் முழங்காலை மடித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தானே எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

எழுந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. “அப்ப பொடியில ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்ல சார்,” என்றாள் மகள். பொடி வேலை செய்ததாக நினைத்த அன்றுகூட அவள் முகம் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

“இத்தனை நாள் வேலை போச்சு.”

“போச்சு சார்.”

“ஒத்தை எண், ரெட்டை எண்,” என்று பேராசிரியர் மீன்காரனைப் பார்த்தார். மீன்காரன் மறுபடியும் கூரையைப் பார்த்தான். “அடுத்த தடவை எண் ஒட்டுறதை நான் சொல்லித்தரேன். குப்பியைத் தட்டுறதுக்கு ஒரு மெஷின் வாங்கலாம்.” பிறகு மகளிடம், “நான் சொன்னதை மறந்துடு,” என்றார். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

சலூன்காரரிடம் திரும்பினார். “நீங்க டாக்டரைப் பாத்தீங்களா?”

“இப்ப அங்கதான் கூட்டிட்டுப் போறா. அவர் என்ன சொல்வாரோ, கடை இருக்குமோ இருக்காதோ.” அவர் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மறைக்கவில்லை. கண் மட்டும் மறுபடி அந்தப் பிடரிக்குப் போனது. போனது திரும்பி வரவில்லை. “சார், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“கத்தரியும் கத்தியும் பையில இருக்கு. எடுத்தா இது நின்னுடும். பத்து நிமிஷம் போதும். இப்படியே உங்களை விட்டுட்டுப் போனா டாக்டர் என்ன கேட்டாலும் எனக்குப் பதில் வராது.”

பேராசிரியர் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். புழுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சலூன்காரர் பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்தார். கை நின்றது.

பேராசிரியர் பின்கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு, ஈக் குப்பிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையைக் குனிந்தார்.

“மெதுவா,” என்றார்.